முட்புதர் முயலும் திரைவணிகமும்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கதைக்கு விலை உண்டா என்று கேட்டால், உண்டு என்று விடை சொல்லும் கதை ஒன்று ஆப்பிரிக்காவின் மேலைக்கரையில் வழங்குகின்றது. இன்று கானா எனப்படும் நாட்டில் வாழும் அக்கான் மக்களின் கதை அது. கதைகள் அனைத்தும் ஒரு காலத்தில் நியாமே என்னும் வானிறைவனுக்கே உடைமையாய் இருந்தனவாம். அனான்சி என்னும் சிலந்தி சென்று அவற்றை விலைக்குக் கேட்டது. பேரூர்களாலேயே வாங்க முடியாதவற்றை நீயா வாங்கப் போகிறாய் என்றான் வானிறைவன். மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிக் கூட்டம், மூவாத்தியா என்னும் காட்டணங்கு ஆகிய நான்கையும் கொண்டுவந்து தந்தால் கதைகள் உன்னுடையவை என்று விலை கூறினான்.

சிலந்திக்கு வலிமை ஏது? அறிவுதான் உண்டு. மனைவி ஆசோவின் அறிவுரையும் துணையாய் இருந்தது. உன் நீளம் பெரிதா, இந்தக் கழி பெரிதா என்று கேட்டு, அளப்பதுபோல் மலைப்பாம்பைக் கழியோடு சேர்த்துக் கட்டியது. தண்ணீரைத் தெளித்து, மழை வந்துவிட்டது, ஒதுங்குங்கள் என்று குளவிகளைச் சுரைக்குடுக்கைக்குள் புகச் செய்து வாயை அடைத்தது. சிறுத்தைக்குக் குழி வெட்டியது. காட்டணங்கிற்கோ மரப்பாவை ஒன்று செதுக்கி, அதன் மேனியெங்கும் மரப்பிசினைப் பூசி, கையில் கிழங்கு மசியலை வைத்து, அணங்குகள் விளையாட வரும் மரத்தடியில் நிறுத்திற்று. அணங்கு வந்தது, மசியலை உண்டது, நன்றி கூறியது. பாவை வாய் திறக்கவில்லை. நன்றிக்கு மறுமொழி இல்லையா என்று சினந்து அறைந்தது. அறைந்த கை ஒட்டிக்கொண்டது. மறு கையும் ஒட்டிற்று, காலும் ஒட்டிற்று. விலை முழுதும் கொடுத்தாயிற்று. அன்றுமுதல் அக்கதைகள் வானிறைவன் கதைகள் அல்ல, சிலந்திக் கதைகள். அக்கான் மொழியில் இன்றும் இத்தகைய கதைகளுக்கு 'அனான்செசெம்' என்றே பெயர். அதன் பொருளும் சிலந்திக் கதை என்பதே.

இதனை இராட்ரே என்னும் பிரித்தானிய அலுவலர் 1930இல் நூலாக்கி வெளியிட்டார். ஆள வந்த இனத்தவர்தாம் அவர். எனினும் ஒரு நல்ல வேலை செய்தார். ஒரு பக்கத்தில் அம்மக்களின் துவி மொழியிலேயே கதையை அச்சிட்டு, எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலத்தை வைத்தார். சொன்னவரின் சொல்லும் நிற்கின்றது. மாற்றியவரின் சொல்லும் நிற்கின்றது. பிழை நேர்ந்திருப்பின் இரண்டையும் ஒப்பிட்டுக் கண்டுகொள்ளலாம். இச்செய்தியை நினைவில் வைத்தல் வேண்டும். இவ்வுரைக்கு அதுவே அடிப்படை.

அப்பிசின் பாவை கடல் கடந்தது. கப்பலின் அடித்தட்டில் விலங்கிடப்பட்டுக் கிடந்த மாந்தர் எதனையும் கையில் எடுத்துச் செல்ல இயலவில்லை. ஊர் போயிற்று, உறவு போயிற்று, பெயரும் போயிற்று. நெஞ்சில் இருந்த கதை மட்டும் போகவில்லை. அமெரிக்காவின் தென்மாநிலத் தோட்டங்களில் சிலந்தியின் வேலையை முயல் ஏற்றுக்கொண்டது. முயலைச் சூழ்ச்சியின் தலைவனாக வைத்த ஆப்பிரிக்க இனங்களும் பல உண்டாதலால் அது புதிய முயலன்று. கூடவே வந்த முயல். மரப்பிசின் கீல் ஆயிற்று. (தார் என்று இன்று ஆங்கிலச் சொல்லால் வழங்கும் பொருளுக்குக் கீல் என்னும் தமிழ்ச்சொல் முன்னரே உண்டு.)

கதை அனைவர்க்கும் ஓரளவு தெரிந்ததே. நரி ஒரு கீற்பாவை செய்து வழியோரம் வைத்துவிட்டுப் புதரில் ஒளிந்துகொள்கிறது. முயல் வந்து வணக்கம் கூறுகிறது. பாவை பேசவில்லை. பெரியவர்களை மதிக்கத் தெரியாதா என்று முயல் அடிக்கிறது, ஒட்டிக்கொள்கிறது. நரி வெளியே வந்து விழுந்து புரண்டு சிரிக்கிறது. இனி உன்னைச் சுட்டுத் தின்பேன் என்கிறது. "சுட்டுத் தின், தூக்கிலிடு, தோலை உரி, அந்த முட்புதரில் மட்டும் எறிந்துவிடாதே" என்று முயல் கெஞ்சுகிறது. துன்புறுத்துவதில் இன்பம் காணும் நரி, இவன் அஞ்சுவது எதுவோ அதுவே இவனுக்கு உரிய ஒறுப்பு என்று கருதி முட்புதரிலேயே எறிகிறது. சிறிது நேரத்தில் மேட்டின்மேல் முயலின் குரல் கேட்கிறது. பிறந்ததும் வளர்ந்ததும் முட்புதரில்தானே என்று சொல்லிவிட்டுத் துள்ளி ஓடுகிறது.

இது சிரிப்பதற்கு மட்டும் சொல்லப்பட்ட கதையா? அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதே குற்றம் என்று சார்சியா மாநிலத்தில் 1829இல் சட்டம் செய்திருந்தார்கள். எழுதவும் படிக்கவும் கூடாதவன், கூட்டம் கூடவும் கூடாதவன், தன் பிள்ளைக்கு எதனை எப்படிச் சொல்லிக் கொடுப்பான்? முதலாளியின் எதிரே வாயைத் திறந்தால் சாட்டை. ஆனால் முயலைப் பற்றிப் பேசினால் யார் தடுப்பார்? வலியவன் தரும் துன்பத்தையே வாழிடமாக்கிக் கொண்டவன், அவன் அளிக்கும் ஒறுப்பினுள்ளேயே விடுதலைக்கு வழி காண்பான் என்பதை, முதலாளியின் காதுபடவே சொல்லும் வழி அது. வலியவனுக்கு ஓர் அறியாமை உண்டு. தான் ஆள்பவனின் வாழ்வைத் தான் அறிந்திருப்பதாக எண்ணிக்கொள்வான். முயல் பிழைத்தது அந்த அறியாமையால்.

பொய் சொல்லும் முயலைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று அறம் பேசுவோர் உண்டு. குற்றமற்ற நன்மை தரும் பொய்யை வாய்மையோடு வைத்தெண்ணிய வள்ளுவரைப் படித்தவர்கள் அவ்வளவு விரைந்து தீர்ப்புச் சொல்லமாட்டார்கள். ஆனால் ஒன்று, அம்முயல் அறச்செம்மலும் அன்று. வேறொரு கதையில் ஓநாயைப் பெட்டிக்குள் ஏறச் செய்து, மூடி, கொதிநீரை ஊற்றிக் கொல்கிறது. இன்னொன்றில் நரியையே குதிரையாக்கி அதன்மேல் ஏறிச் செல்கிறது. பிறிதொன்றில் ஆமையோடு பந்தயம் ஓடித் தோற்கிறது. ஆமை விரைந்து ஓடவில்லை; ஒன்றுபோல் தோன்றும் தன் குடும்பத்தாரை வழிநெடுக நிறுத்தி வைத்திருந்தது! முயலினும் எளியவன் முயலையும் வெல்வான். அடிமைப்பட்டோரின் உலகம் அவ்வளவு கூர்மையானது, அவ்வளவு கொடியது. அதனை இனிப்பாக்கிக் காட்டியது பின்னால் வந்தவர்களின் வேலை.

அவ்வேலையின் முதற்படி ஏட்டில் நடந்தது. சோயல் சாண்ட்லர் ஆரிசு என்னும் வெள்ளையர், 1862இல் சிறுவனாய், சார்சியாவின் டர்ன்வோல்டு என்னும் தோட்டத்தில் அச்சுக் கோக்கும் தொழில் பயிலச் சென்றார். ஆங்கே அடிமைக் குடில்களில் அமர்ந்து இக்கதைகளைக் கேட்டார். பின்னாளில் அட்லாண்டாவில் செய்தித்தாள் ஆசிரியரானபோது அவற்றை எழுதினார். 1880இல் முதல் நூல் வெளிவந்தது. அவர் எழுதி வெளிவந்த கதைகள் 180க்கு மேற்பட்டவை. அவர் எழுதியிராவிட்டால் பல கதைகள் மறைந்தே போயிருக்கும் என்பதை மறுக்க முடியாது. அடிமை மக்கள் வலிமையற்ற விலங்கையே தலைவனாகத் தேர்ந்தெடுத்தது ஏன் என்பதும் அவருக்குப் புரிந்தே இருந்தது. முன்னுரையில் அதனைக் குறித்திருக்கிறார்.

ஆயினும் அவர் அக்கதைகளுக்கு ஒரு சட்டகம் செய்தார். இரீமசு மாமா என்னும் கற்பனைக் கிழவர். பழைய முதலாளி வீட்டில் மனநிறைவோடு வாழும் கருநிறத்தவர். தம் மடியருகே அமர்ந்த வெள்ளைச் சிறுவனுக்கு மாலைதோறும் கதை சொல்கிறார். உண்மையில் இக்கதைகள் யாருக்காகச் சொல்லப்பட்டன? கருநிறத் தாயும் தந்தையும் தம் பிள்ளைகளுக்குச் சொன்னவை. சட்டகத்திற்குள் அந்தப் பிள்ளைகள் ஓரமாக ஒதுங்கிப் போயினர், கேட்பவன் மாறினான். கேட்பவன் மாறினால் கதையின் பொருளும் மாறும். வலியவனை ஏமாற்றும் கதையை வலியவனின் மகனுக்கு அன்போடு சொல்லும் கிழவரைப் படைத்தபோது, முயலின் பல்லைப் பிடுங்கியாயிற்று.

அடுத்த படி திரை. 1946ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், அட்லாண்டா நகரில், 'தெற்கின் பாட்டு' என்று பொருள்படும் பெயருடைய திரைப்படத்தை டிசுனி நிறுவனம் வெளியிட்டது. ஒன்றரை மணி நேரப் படத்தில் முயலும் நரியும் கரடியும் வரும் அசைவோவியப் பகுதி ஏறத்தாழ 25 நிமையமே. எஞ்சியதெல்லாம் தோட்ட வாழ்வின் இனிமை! கதை நடப்பது அடிமைமுறை ஒழிந்தபின் என்பதையும் படம் தெளிவாகக் காட்டவில்லை. காண்போர்க்கு, அடிமைகள் பாடிக்கொண்டே மகிழ்ச்சியாய் வாழ்ந்தார்கள் என்ற எண்ணமே எழும். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பெருங்கழகத்தின் செயலாளர் வால்டர் வைட்டு, படத்தின் கலைத்திறனை ஒப்புக்கொண்டே, ஆண்டானும் அடிமையும் இன்புற வாழ்ந்ததாகக் காட்டும் பொய்யைக் கண்டித்தார். நியூயார்க்கில் திரையரங்கின்முன் மறியலும் நடந்தது.

இரீமசு மாமாவாக நடித்தவர் சேம்சு பாசுகெட்டு என்னும் கருநிற நடிகர். நரிக்கும் அவரே குரல் கொடுத்தார். படத்தைத் தாங்கி நின்ற அவர், அட்லாண்டாவில் நடந்த முதற்காட்சிக்கு வரவில்லை. நிறவேற்றுமைச் சட்டம் ஆண்ட அந்நகரில் அவர் மற்றவர்களோடு ஒன்றாய் அமர முடியாது! 1948இல் அவருக்குச் சிறப்பு ஆசுகர் விருது அளித்தனர். அவ்வாண்டு சூலையிலேயே அவர் இறந்தார். முட்புதர் முயலின் கதையைத் திரையில் சொன்னவர், அதன் முதற்காட்சிக்கு வாயிலில் தடுக்கப்படும் நிலையில் இருந்தார் என்பதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

மூன்றாம் படி கேளிக்கைப் பூங்கா. 1989 சூலையில் கலிபோர்னியாவில் உள்ள டிசுனிப் பூங்காவில் ஒரு நீர்ச்சறுக்கு மலை திறக்கப்பட்டது. 1992இல் புளோரிடாவிலும் தோக்கியோவிலும் அதே போன்றவை வந்தன. மரத்தண்டு போன்ற படகில் ஏறி, முயலின் கதைக்காட்சிகளைக் கண்டுகொண்டே சென்று, இறுதியில் ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து முட்புதருக்குள் சரிந்து விழும் விளையாட்டு அது. இரீமசு மாமா அதில் இல்லை. பழி வந்த உருவை விலக்கினார்கள். கீற்பாவையும் இல்லை, அப்பெயரே கறுப்பினத்தாரை இழிக்கும் வசையாகத் திரிந்துவிட்டமையால் அதற்குப் பகரமாகத் தேன்கூட்டை வைத்தார்கள். முயல் தேனில் ஒட்டிக்கொண்டதாம்! அக்கானியர் பிசினில் தொடங்கியது தேனில் வந்து முடிந்தது. அடிமை மகன் உயிர் பிழைக்க நுழைந்த முட்புதர், சீட்டு வாங்கியவர் கூச்சலிட்டு மகிழ்ந்து நனையும் குட்டையாயிற்று. அதில் ஏறிய பல்லாயிரம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது யாருடைய கதை என்று தெரிந்திருக்கும்?

2020இல் அமெரிக்காவில் நிறவெறிக்கெதிரான கிளர்ச்சி எழுந்தபின், அந்நிறுவனம் அம்மலையை மாற்றப்போவதாக அறிவித்தது. 2023இல் புளோரிடாவிலும் கலிபோர்னியாவிலும் அது மூடப்பட்டது. 2024இல் இரண்டும் வேறு பெயரில் திறந்தன. இப்போது அங்கே இருப்பவள் தியானா. 2009இல் வந்த திரைப்படத்தின் தலைவி. நியூ ஆர்லியன்சு நகரத்துக் கருநிறப் பெண். நல்லது என்று கைதட்டத் தோன்றும். சற்றே பொறுத்தல் வேண்டும். தியானாவின் கதை எது? இளவரசன் தவளையாகி, முத்தத்தால் மீளும் கதை. அது செர்மானிய நாட்டுக் கிரிம் உடன்பிறந்தார் 1812இல் வெளியிட்ட தொகுப்பின் முதற்கதையிலிருந்து வளர்ந்தது. ஆப்பிரிக்க மக்கள் கடலில் கொண்டுவந்த முயல் வெளியேறிற்று. ஐரோப்பியத் தவளை உள்ளே வந்தது. முகம் கருநிறம், கதை வெள்ளை நிறம். இழிவைத் துடைத்தார்கள் என்பது உண்மை. உடைமையைத் திருப்பிக் கொடுத்தார்களா? இல்லை. பறித்ததை மறைத்துவைப்பது திருப்பிக் கொடுப்பது ஆகாது. அத்திரைப்படத்தையும் அந்நிறுவனம் தன் நாட்டில் வீட்டுப் பார்வைக்கான வட்டாக ஒருநாளும் முழுமையாய் வெளியிட்டதில்லை. தன் குற்றத்தைப் பிறர் காணாதவாறு பூட்டி வைத்தபோது, அதனோடு சேர்ந்து முயலும் பூட்டப்பட்டது.

அம்மக்கள் வாளா இருக்கவில்லை. சோரா நீல் அர்சுடன் என்னும் கருநிறப் பெண்ணறிஞர் தம் சொந்த ஊராகிய புளோரிடாவின் ஈட்டன்வில்லுக்கே சென்று, திண்ணையில் அமர்ந்து, தம்மவர் தம்மவர்க்குச் சொல்லும் கதைகளைத் திரட்டி 1935இல் வெளியிட்டார். கேட்பவனாக அங்கே வெள்ளைச் சிறுவன் இல்லை. ஆரிசு பிறந்த அதே ஈட்டன்டன் ஊரில் 1944இல் பிறந்தவர் எழுத்தாளர் ஆலிசு வாக்கர். தம் பெற்றோர் வாயால் கேட்ட கதைகளைத் திரையில் கண்டபின் அவை அந்நியமாகிப் போனதையும், தம் மரபுச்செல்வம் களவு போனதையும் அவர் கடிந்து எழுதியிருக்கிறார். சூலியசு லெசுடர் 1987இல் அக்கதைகளை எடுத்து, கிழவரின் அடிமைச் சட்டகத்தை உடைத்தெறிந்து, தம் இனத்தவர் குரலில் மறுபடி சொன்னார். ஏட்டில் மீட்பு நடந்திருக்கிறது. திரையில்தான் நடக்கவில்லை, ஏனெனில் திரைக்குப் பெரும்பணம் வேண்டும், பணம் உள்ளவன் கையில் முயல் சிக்கிக்கொண்டது. இம்முறை ஒட்டிக்கொண்டது கீலில் அன்று.

இதற்கு அடிப்படையில் மொழிச்சிக்கல் ஒன்று இருந்தது. தமிழன்பர்கள் கூர்ந்து நோக்கவேண்டிய இடம் இதுவே.

சார்சியா, தென்கரோலினாக் கடற்கரைத் தீவுகளில் வாழும் கருநிற மக்களின் பேச்சுக்குக் குல்லா என்று பெயர். அதனைச் சிதைந்த ஆங்கிலம், குழந்தைப் பேச்சு என்றெல்லாம் வெள்ளை அறிஞர் இகழ்ந்தனர். முயல் கதைகளை அச்சிட்டவர்களும் அப்பேச்சை நகைப்புக்குரிய எழுத்துக்கூட்டலில் அச்சிட்டனர். படிப்பவர் சிரித்தார், கதையைக் கேட்டுச் சிரித்தாரா, சொன்னவன் நாவைக் கண்டு சிரித்தாரா என்பது தெரியவில்லை. லோரென்சோ டவ் டர்னர் என்னும் கருநிற மொழியறிஞர் 1930களில் அத்தீவுகளில் ஒலிப்பதிவுக் கருவியோடு அலைந்தார். ஆப்பிரிக்க மொழிகளையும் பயின்றார். 1949இல் அவர் வெளியிட்ட நூல், குல்லாவில் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கச் சொற்களும் பெயர்களும் வாழ்வதை நிலைநாட்டிற்று. இன்று அமெரிக்கத் தென்மாநிலத்தார் நிலக்கடலைக்கு வழங்கும் கூபர் என்னும் சொல் கொங்கோ மொழிச்சொல். ஆமைக்கு வழங்கும் கூட்டர் என்பதையும் மேலை ஆப்பிரிக்கச் சொல்லோடு இணைப்பர். முயலைப் பந்தயத்தில் வென்ற ஆமை, தன் பழம்பெயரையும் கைவிடாமல் காத்திருந்தது போலும்! தியானாவின் நகரத்தில் பெயர்பெற்ற கம்போ என்னும் குழம்பும் வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லே. சிதைவு என்று இகழப்பட்ட பேச்சுக்குள் தாய்மொழி உறங்கிக்கொண்டிருந்தது.

தமிழிலும் இதற்கு ஒப்பு உண்டு. சிற்றூர்க் கிழவியின் பேச்சைக் கொச்சை என்று தள்ளிய புலவர் பலர். ஆனால் ஏட்டில் வடசொல் ஏறிக் குந்திய இடத்திலெல்லாம், உழவன் வாயிலும் தச்சன் வாயிலும் மீனவன் வாயிலும் நல்ல தமிழ்ச்சொல் அழியாமல் இருந்ததைச் சொல்லாய்வாளர் காட்டியிருக்கின்றனர். தூய்மை என்பது எளியவர் நாவைப் பழிப்பதன்று.

இங்கே இன்னொரு வழக்கையும் தொட்டுச் செல்லுதல் தகும். சோசப்பு சேக்கப்சு என்பார் 1892இல் வெளியிட்ட நூலில், கீற்பாவைக் கதை இந்தியாவினின்றே போயிருக்கவேண்டும் என்று வழக்காடினார். பாலி மொழிச் சாதகக் கதை ஒன்றில் ஒட்டும் மயிருடைய அரக்கன் ஒருவன் வருகிறான் என்பது சான்று. ஒட்டும் பொருள் எந்நாட்டிலும் உண்டு. அதில் மாட்டிக்கொள்ளும் மூடரும் எந்நாட்டிலும் உண்டு. எளிய இனம் ஒன்றிடம் அழகிய பொருளைக் கண்டவுடன், இஃது இவர்களுடையதாய் இருக்கமுடியாது, வேறெங்கோ இருந்து வந்திருக்கவேண்டும் என்று தேடப் புறப்படும் மனப்பான்மை தமிழர்க்குப் புதிதன்று. தமிழின் பொருள் எதனையும் வடமொழிக் கணக்கில் எழுதும் கூட்டத்தை அவர்கள் நெடுங்காலமாய் அறிவார்கள்.

ஒரு கதை மொழிக்குள் எவ்வளவு ஆழமாய் வேரூன்றும் என்பதற்குப் பிரெஞ்சு மொழியில் வியப்பான சான்று உண்டு. அம்மொழியில் நரிக்குப் பழம்பெயர் கூப்பில், இலத்தீனிலிருந்து வந்தது. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இரெனார் என்று பெயரிடப்பட்ட சூழ்ச்சி நரியைப் பற்றிய பாட்டுக்கதைகள் நாடெங்கும் பரவின. காலப்போக்கில் கூப்பில் வழக்கொழிந்தது. இரெனார் என்னும் தனிப்பெயரே நரி இனம் முழுவதற்கும் பெயராகிவிட்டது. மொழியையே மாற்றிய அக்கதையைச் சுடாரெவிச்சு என்பார் பாவைகளை அணு அணுவாய் அசைத்துப் பிரான்சு நாட்டில் படமாக்கினார். ஒலி சேர்க்கப் பணம் இல்லை. நாசி அரசு ஆண்ட செர்மனி பணம் கொடுத்தது. ஆகவே 1937இல் பெர்லினில் அந்நரி முதன்முதலாகச் செர்மானிய மொழியில் பேசிற்று! பிரெஞ்சில் பேசியது 1941இல். அதே நரிக்கதையை நெதர்லாந்தில் 1943இல் யூத வெறுப்பைப் பரப்பும் அசைவோவியமாகவும் செய்தார்கள். வலியவரைக் கிண்டல் செய்யப் பிறந்த கதை, வேட்டையாடப்படும் இனத்தின்மேல் ஏவப்பட்டது. திரை யார் கையில் இருக்கிறதோ, அவன் சொல்வதையே விலங்கும் சொல்லும்.

சப்பான் மக்கள் இவ்வகையில் சற்று விழிப்புடையவர்கள். தனூகி என்பது அந்நாட்டுக் காட்டில் வாழும் நாயினத்து விலங்கு. தலையில் இலையை வைத்துக்கொண்டு வேற்றுரு எடுத்து மாந்தரை ஏமாற்றும் என்பது அவர்கள் கதைமரபு. 1988இல் சப்பானில் வெளிவந்த மாரியோ விளையாட்டின் மூன்றாம் பகுதியில், இலையைப் பெற்ற மாரியோவுக்கு வாலும் காதும் முளைக்கின்றன; தனூகி உடை அணிந்தால் வழியோரத் தெய்வமான சிசோவின் கற்சிலையாக மாறிவிடலாம். சப்பானியப் பிள்ளைக்கு அதில் பாட்டியின் குரல் கேட்கும். கடல் கடந்த பிள்ளைக்கு அது வெறும் இலை, வெறும் வால். 1994இல் தக்காகாத்தா இசாவோ இயக்கிய 'போம்போக்கோ' என்னும் படம் இன்னும் ஆழமானது. தோக்கியோவை அடுத்த தாமா மலைக்காடுகளை அழித்துப் புதுநகர் எழுப்பியபோது, இடமிழந்த தனூகிகள் தம் பழைய மாயக்கலைகளையெல்லாம் திரட்டிப் போராடித் தோற்கின்றன. சிரிப்பூட்டிக்கொண்டே நெஞ்சைப் பிசையும் படம். தம் கதையைத் தம் மொழியில் தம் துயரத்துக்கே பயன்படுத்தினார்கள். அதனை அமெரிக்கர் ஆங்கிலக் குரலில் வெளியிட்டபோது தனூகியை இரக்கூன் ஆக்கினார்கள். இரக்கூன் அமெரிக்கக் காட்டின் வேறு விலங்கு. தனூகிக்கு நெருங்கிய உறவுகூட அன்று. பெயரில் என்ன இருக்கிறது என்பார்க்கு இது காட்டத்தக்கது.

தமிழ்நாட்டில் 2007இல் தொடங்கிய சுட்டித் தொலைக்காட்சி முதலானவை பிறநாட்டு அசைவோவியங்களுக்குத் தமிழ்க்குரல் கொடுத்தன. ஆங்கிலத்தில் பார்ப்பதைவிடத் தமிழில் கேட்பது நன்றே. அதனைக் குறைகூறத் தேவையில்லை. ஆனால் அக்குரல் பிறர் கதைக்குக் கொடுத்த குரல். தமிழகத்து நரியும் காக்கையும் ஆமையும் எங்கே? தமிழகக் கதைகளை நடேச சாத்திரியார் திரட்டித் தமிழிலும் எழுதினார். எனினும் உலகம் அறிந்தது 1890இல் இலண்டனில் அச்சான ஆங்கில நூலையே. அதனைப் படித்து இன்று எவரேனும் படமோ விளையாட்டோ செய்தால், சொன்ன கிழவியின் ஒரு சொல்லும் அதில் இராது. கரிசல் மண்ணின் வாய்க்கதைகளை அம்மக்கள் பேச்சோடு திரட்டிய கி. இராசநாராயணனின் உழைப்பு அச்சில் கிடக்கின்றது. பிள்ளைகளின் கைக்கருவிக்குள் அது இன்னும் நுழையவில்லை. பேரன் கையில் கருவி இருக்கிறது. பாட்டியின் நெஞ்சில் கதை இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தும் ஒன்றையொன்று அறியா.

ஆகும் காரியமா என்று கேட்போர்க்கு ஒரு சான்று காட்டலாம். கோடிக்கணக்கில் மக்கள் உள்ள இனம் செய்ததன்று அது. வட அமெரிக்காவின் பனிமுனையில் அலாசுக்காவில் வாழும் இனூப்பியாக்கு மக்கள் செய்தது; அவர்கள் மொழியைப் பேசுவோர் தொகை சில ஆயிரமே. அவ்வட்டாரப் பழங்குடி மக்களின் நலப்பேரவை ஒன்று, இளைஞர்கள் கணினி விளையாட்டில் மூழ்கிக் கிடப்பதைக் கண்டது. விளையாட்டை வெறுத்துப் பயனில்லை என்று தானே ஒரு விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கிற்று. இராபர்ட்டு நாசுருக்கு கிளீவுலாந்து என்னும் கதைசொல்லி சொல்லிச் சென்ற பழங்கதை ஒன்றைத் தேர்ந்தது. அவர் மறைந்துவிட்டமையால் அவர் மகளிடம் சென்று இசைவு கேட்டார்கள். கதையில் சிறுவன் இருந்த இடத்தில் சிறுமியை வைக்கலாமா என்பதையும் கேட்டுத்தான் செய்தார்கள். மூத்தோரும் கதைசொல்லிகளுமாக ஏறத்தாழ 40 பேர் உடனிருந்து இது சரி, இது சரியன்று என்று திருத்தினார்கள்.

2014 நவம்பரில் அவ்விளையாட்டு வெளிவந்தது. பெயர் 'கிசிமா இங்ஙிட்சுங்ஙா'. 'யான் தனியேன் அல்லேன்' என்பது பொருள். ஓயாத பனிப்புயலின் மூலத்தைத் தேடி நூனா என்னும் சிறுமி நடக்கிறாள். உடன் வருவது வெண்பனி நரி. இந்நரி ஏமாற்றும் நரியன்று, துணைநிற்கும் நரி. சிறுமி ஏற முடியாத இடத்தில் நரி ஏறும். நரியால் இயலாததைச் சிறுமி செய்வாள். ஒன்றை விட்டு ஒன்று செல்ல முடியாது. புயலின் மூலத்தில் ஒரு பேருருவன் வாய்ச்சியால் பனியை வெட்டி வெட்டி எறிந்துகொண்டிருக்கிறான். வழியில் ஆந்தைகளைச் சந்திக்கும்போதெல்லாம் அம்மக்களின் மூத்தோரே தோன்றித் தம் வாழ்வைச் சொல்லும் குறும்படங்கள் 24 உண்டு. அடுத்த ஆண்டு பிரித்தானியத் திரைக்கழகம் அதற்குச் சிறந்த முதற்படைப்புக்கான விருதை அளித்தது.

அவ்விளையாட்டில் கதைசொல்லியின் குரல் ஆங்கிலத்தில் இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை இனூப்பியாக்கு மொழியிலேயே கதை செல்கின்றது. நியூயார்க்குப் பிள்ளைக்கும் தோக்கியோப் பிள்ளைக்கும் சென்னைப் பிள்ளைக்கும் காதில் விழுவது அவ்வொரு குரலே. ஆங்கிலம் முதலிய பெருமொழிகள் எல்லாம் திரையின் அடியில் சிறு எழுத்தாய் வந்து பொருள் சொல்லிவிட்டு மறைகின்றன.